லைன் வீட்டுக்குப் பட்டா கொடு!

கூடலூர், பந்தலூர், கோத்தகிரி, குன்னூர் தோட்டங்களிலிருந்து திரண்டு வந்திருக்கிறீர்கள்.

1964 அக்டோபர் 30. இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கேயும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். இலங்கை மலையகத்தில் நாடற்று நின்ற இந்திய வம்சாவளியினர் 9,75,000 பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. மிச்சம் 1,50,000 பேரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள். 1974-இல் அவர்களையும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். கொழுந்து நிறுக்கும்போதுகூடப் பறித்தவளை எதிரில் நிறுத்தித்தான் நிறுப்பார்கள். மனிதர்களைப் பங்கு போட்டபோது தொழிலாளியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை!

இவர்கள் பிறக்கும்போதே நாடற்றவர்களா? இல்லை. 1947 தேர்தலில் வாக்களித்து இலங்கை இந்திய காங்கிரசின் ஏழு பேரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பியவர்கள். அடுத்த ஆண்டே குடியுரிமையைப் பறிக்கும் சட்டம் வந்தது. அதற்கடுத்த ஆண்டு வாக்குரிமையும் போனது. தேயிலையால் அந்நாட்டின் கஜானாவை நிரப்பிய கைகளுக்கு அங்கே கிடைத்த மரியாதை இதுதான்.

பதுளையிலும் ஹட்டனிலும் கோச்சி ரயில் ஏறி, தலைமன்னாரில் கப்பல் பிடித்து, ராமேசுவரத்தில் வந்து இறங்கினார்கள். மண்டபம் முகாம். அதன்பின் இந்த நீலகிரி மலை. இவர்களைக் குடியமர்த்துவதற்கென்றே 1968-இல் அரசு இங்கே தேயிலைத் தோட்டம் தொடங்கியது. அதுதான் பிறகு டேன்டீ எனும் அரசுத் தேயிலைத் தோட்டக் கழகம் ஆனது. சேரம்பாடியிலும் நெல்லியாளத்திலும் கன்று நட்டவர்கள், அட்டைக்கடி பட்டு, ஆனைக்குப் பயந்து விடிய விடியக் கண்விழித்தவர்கள், இதோ உங்களோடு உட்கார்ந்திருக்கிறார்கள்.

குடியுரிமை கொடுத்தோம், வேலை கொடுத்தோம், இன்னும் என்ன வேண்டும் என்று கேட்கிறார்கள்.

வீடு வேண்டும்! இப்போது இருப்பது லைன் எனும் வரிசை வீட்டில் ஓர் அறை, ஒட்டினாற்போல ஓர் அடுப்படி, புகையேறிக் கறுத்த சுவர். பிள்ளை பிறந்தது அங்கே, மகளுக்குப் பூ வைத்தது அங்கே, தாயைத் தூக்கிச் சென்றதும் அந்த வாசலிலிருந்துதான். ஆனால் செக்ரோல் எனும் தொழிலாளர் பதிவேட்டில் பேர் இருக்கும் வரைதான் அந்தக் கூரை. 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் வேலையில் இருப்பவருக்குத்தான் வீடு கொடுக்கச் சொன்னது. வேலை முடிந்தால் வீட்டைக் காலி செய்! இலங்கையில் லயம் என்ற லைன் வீட்டுக்கு வெள்ளைக்கார துரை வைத்திருந்த அதே விதி, கடல் தாண்டி இந்த மலைக்கும் வந்துவிட்டது.

எந்த லைனுக்கும் போய்ப் பாருங்கள். டிரங்குப் பெட்டியின் அடியில், பாலிதீன் உறைக்குள் ஒரு பழைய பாஸ்போர்ட்டும் குடும்ப அட்டையும் இருக்கும். பேரப்பிள்ளையின் சாதிச் சான்றிதழுக்குக்கூட அதைத் தூக்கிக்கொண்டு தாலுகா ஆபீசுக்கு அலைகிறார்கள். இந்த மண்ணில் பிறந்த பிள்ளை, தாத்தா கப்பலில் வந்ததற்கு இன்னும் கணக்குக் காட்ட வேண்டுமா?

காட்டை அழித்தவர்கள் என்று இவர்களைக் காட்டிப் பேசுவோர் உண்டு. காட்டை வெட்டச் சொன்னது அரசு, கூலி கொடுத்ததும் அரசு. பணியரும் குறும்பரும் காட்டுநாயக்கருமான ஆதிவாசிகள் இழந்த நிலத்துக்கு 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டப்படி அரசு பதில் சொல்லியே தீர வேண்டும். அந்தக் கடனை நாடற்று வந்தவன் தலையில் கட்டாதே! ஆதிவாசியையும் தோட்டத் தொழிலாளியையும் மோதவிட்டால் இருவரும் தோற்பார்கள்.

2022-இல் டேன்டீ நிலத்தில் 2,000 ஹெக்டேருக்கு மேல் வனத்துறைக்குத் திருப்பித் தர அரசு முடிவெடுத்தது. காடு வளரட்டும், மகிழ்ச்சிதான். ஆனால் அந்த லைன்களில் குடியிருப்பவர்கள் எங்கே போவார்கள்? ஒரு ஹெக்டேர் கைமாறுவதற்கு முன், குடியிருக்கும் வீட்டுக்கும் அதைச் சுற்றிய மண்ணுக்கும் பட்டா எழுது. அந்த வீட்டுப் பெண்ணின் பெயரில் எழுது. ஓய்வு பெற்றவருக்கும் எழுது, கணவனை இழந்தவளுக்கும் எழுது. இந்தக் கோரிக்கை மனுவில் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் இன்று இங்கிருந்து கலைய வேண்டும். நாளைக் காலை அது ஊட்டியில் கலெக்டர் மேசைக்குப் போகிறது.