எண்களுக்குள் ஒளிந்த சொல்

சென்னையிலிருந்து கூடூருக்குச் செல்லும் இருப்புப்பாதையில் சூலூர்ப்பேட்டையைக் கடந்தால் நாயுடுபேட்டை வருகிறது. சுவர்ணமுகி ஆற்றங்கரையில் அமைந்த இவ்வூர் முன்பு நெல்லூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. 2022 ஆம் ஆண்டில் திருப்பதி மாவட்டத்தில் சேர்க்கப்பெற்றது. தமிழ்நாட்டின் எல்லை அருகிலேயே இருக்கிறது. எனினும், இங்கே குடியேறிய தமிழ்க் குடும்பத்துக் குழந்தைகள் பலர் பள்ளியில் தெலுங்கும் ஆங்கிலமும் பயில்கின்றனர். வீட்டில் தமிழ் பேசுகின்றனர். தமிழ் எழுத்தை மட்டும் அறியார். புனேயிலும் சூரத்திலும் இருந்து கேட்கும் நேயர்களுக்கு இது புதிய செய்தி அன்று.

இத்தகைய சிறுமி ஒருத்திக்கு, கணக்குப் போடும் கருவியைக் கொண்டே எழுத்தறிவிக்க நாம் மேற்கொண்ட முயற்சியை இன்று கூறப் புகுகிறோம்.

சமன்பாட்டைக் கொடுத்தால் அதன் வளைகோட்டைத் திரையில் வரைந்து காட்டும் கால்குலேட்டரை முதன்முதல் விற்பனைக்குக் கொணர்ந்தது ஜப்பானின் காசியோ நிறுவனம், ஆண்டு 1985. டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் நிறுவனத்தின் டி.ஐ.-84 பிளஸ் 2004 இல் வந்தது. அமெரிக்கப் பள்ளிகளில் பெரிதும் வழங்கும் இக்கருவி, உறவினர் ஒருவரின் கைப்பெட்டியில் இவ்வூர் வந்து சேர்ந்தது. இதற்குக் கட்டளைத் தொடர், அதாவது நிரல், எழுதலாம். அந்நாட்டு மாணவர்கள் நிரல் எழுதப் பழகும்போது சொல் கண்டுபிடிக்கும் விளையாட்டையும் எழுதிப் பார்ப்பதுண்டு. கருவி ஒரு சொல்லை ஒளித்து வைக்கும். ஆடுபவர் எழுத்தெழுத்தாகக் கேட்டு அதனை வெளிக்கொணர வேண்டும். ஒவ்வொரு தவறுக்கும் தூக்குமரத்தில் ஓர் உருவம் சிறிது சிறிதாகத் தொங்கும். குழந்தைகளுக்கு அவ்வளவு கொடுமை எதற்கு? எட்டு வாய்ப்புகள் என்று எண்ணிக்கொண்டால் போதும்.

ஆனால் அக்கருவியின் பொத்தான்களில் தமிழெழுத்து இல்லை. இதனைக் குறையென்று எண்ண வேண்டுவதில்லை. தமிழெழுத்து உள்ள கணிப்பொறியிலும் வேறொரு சிக்கல் உண்டு. ‘தமிழ்’ என்னும் சொல்லில் எழுத்து மூன்று. உலகப் பொதுக் குறியீடாகிய யூனிகோடு முறையிலோ தகரம், மகரம், இகரக் கொக்கி, ழகரம், புள்ளி என ஐந்து குறிகள். அக்குறிகளை அப்படியே எண்ணும் நிரல் அச்சொல்லுக்கு ஐந்து கட்டங்கள் போடும். கொக்கியைத் தனியே யார் கேட்பார்?

கால்குலேட்டருக்குத் தமிழெழுத்துத் தெரியாதாகையால், நாம் இலக்கண வழியே சென்றோம். முதலெழுத்து முப்பது என்றார் தொல்காப்பியர்; உயிர் 12, மெய் 18. மெய்யின் வரிசையெண்ணை நூறால் பெருக்கி, உயிரின் வரிசையெண்ணைக் கூட்டினால் உயிர்மெய் கிடைக்கும். க் 100, க 101, கா 102. தனி உயிர் 1 முதல் 12 வரை, ஆய்தம் 13. ஆகவே 247 எழுத்துக்கும் எண் உண்டு. ‘தமிழ்’ என்பது 701, 1003, 1500. இருபது சொற்களை ஓர் அணியில் இருபது வரிசைகளாக எழுதி வைத்தோம். அவற்றுள் ஒன்றைக் கருவி தானே தேர்ந்துகொள்ளும்.

இம்முறையில் மற்றொரு நன்மையும் உண்டு. மி இருக்கும் சொல்லில் குழந்தை மா என்று கேட்டால் ‘இல்லை’ என்று சொல்லித் துரத்த வேண்டுவதில்லை. இரண்டையும் நூறால் வகுத்தால் ஈவு பத்தே, மீதிதான் வேறு. ‘மெய் சரி, உயிர் வேறு’ என்பதற்கு அடையாளமாகக் கருவி ஒரு குறி காட்டும். தனி உயிருக்கு ஈவு சுழியாதலின், சுழி வந்தால் அக்குறி காட்டலாகாது என்று விலக்கொன்று எழுத வேண்டும். இல்லையேல் அகரமும் ஔகாரமும் ஒரே மெய் என்றாகிவிடும்!

அட்டவணையைத் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினோம். தெலுங்குக் குணிந்தத்தைப் பாடமாகச் சொல்லிப் பழகிய சிறுமிக்கு உயிர்மெய் வரிசை இரண்டே நாளில் பிடிபட்டது. தெலுங்கைப் போலவே இதுவும் நடக்கிறதே என்று அவளுக்கு வியப்பு. (தெலுங்குச் சொல்லை இவ்வாறு ஒளிக்க இயலாது, அங்கு ஒத்தெழுத்துகள் உண்டு, நம் எண்முறை போதாது.) வேற்றுமை தோன்றிய இடத்தில்தான் அவள் தடுமாறினாள். தெலுங்கில் இன்று ழகரம் வழங்குவதில்லை. நம் மொழியின் பெயரையே ளகரமிட்டு எழுதுவர். கடைசி எழுத்துக்கு அவள் 1600 அழுத்தினாள், கருவி மறுத்தது. 1300 அழுத்தினாள், அதையும் மறுத்தது. சுவர்த் தாளைப் பார்த்து, இரண்டுக்கும் நடுவே நின்ற 1500 ஐக் கண்டதும், ‘இது என்ன எழுத்து? எப்படிச் சொல்வது?’ என்று கேட்டாள். அவள் தாயார் ‘வாழை’, ‘மழை’ என்று சொல்லிக் காட்டினார். இரண்டும் அவள் நாள்தோறும் யகரமிட்டுப் பேசும் சொற்கள்.

நகரம், னகரம், ணகரம், அவ்வாறே ரகரம், றகரம் ஆகியவற்றிலும் இதே போராட்டம் இன்னும் நடந்து வருகிறது. சென்ற வாரம் முதல் சொல்லை ஒளிப்பது அவள் முறை. தந்தையாருக்கு 103, 601, 1705 என்று ஒளித்து வைத்தாள். அவர் கி, ண இரண்டையும் எளிதில் பிடித்து, கடைசிக்கு 1205 அழுத்தினார். கருவி மறுத்தது. ‘கிணறு, அப்பா’ என்றாள் அவள்.