மலையிலே வீசும் நஞ்சுக்குப் பொறுப்பாளி யார்?

(நமுனுகுலயில் தோட்டத் தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



களையைக் கொல்லும் நஞ்சை "மருந்து" என்றே அழைத்துப் பழகிவிட்டோம். காலைப் பெரட்டிலே பெயர் கூப்பிட்டதும் 16 லீற்றர் டாங்கியை முதுகிலேற்றிக்கொண்டு மலையேறுகிறோம். நஞ்சு வந்த கலன்மீது மும்மொழியிலும் எச்சரிக்கை அச்சிட்டிருக்கிறது. அக்கலனோ ஸ்டோரை விட்டு வெளியே வருவதில்லை. நம் கைக்கு வருவது கலக்கி வைத்த வாளித் தண்ணீர். இன்னதென்று கேட்டால், "களைமருந்து" என்பதே விடை! நமுனுகுலச் சரிவிலே காற்று ஒரு திசையில் நிற்பதில்லை. அடிப்பவன் முகத்துக்கு ஒரு பங்கு. கீழ்மலையில் கொழுந்தெடுக்கும் தாய்மாருக்கு ஒரு பங்கு.

இரஜரட்டை விவசாயிகளின் சிறுநீரக நோயை முன்னிட்டு, 2015இல் அரசாங்கம் கிளைபோசேற்றைத் தடை செய்தது. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் அத்தடை தளர்ந்தது. இடைக்காலத்திலே தோட்டங்கள் வேறு களைநாசினிகளை நாடின. அவற்றுள் ஒன்றான எம்.சி.பி.ஏ.யின் எச்சத்தை யப்பான் நம் தேயிலையிலே கண்டுபிடித்தது. கிலோவுக்கு 0.01 மில்லிகிராமுக்கு மேல் ஆகாதென்றது. கொழும்பு கலங்கிற்று! யப்பானியரை நாம் குறை கூறோம். தம் மக்களின் கோப்பையைக் காப்பது அவர்கள் கடமை. ஆனால் அதே நஞ்சை நாள் முழுதும் மூச்சிழுத்தவனின் நெஞ்சை அளந்து பார்த்தவர் யார்?

1992இலே நிர்வாகம் கம்பெனிகளிடம் சென்றது. நிலம் அரசின் உடைமையாகவே நின்றது. துரைமாரைக் கேட்டால், பதிவு பெற்ற மருந்தையே வாங்கினோம் என்பார்கள். பதிவு செய்வதற்கு 1980ஆம் ஆண்டின் பீடைகொல்லிக் கட்டுப்பாட்டுச் சட்டமும் பதிவாளரும் உண்டு. 1942ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டமோ தேயிலை ஃபெக்டரி வாசலோடு நின்றுவிடுகிறது. மலைக்கு ஏறி வருவதில்லை.

ஆகாய விமானத்திலே வேலை செய்வோரும் இக்கேள்வியைக் கேட்டவர்களே. பெரும்பாலான விமானங்களின் உள்ளறைக் காற்று இயந்திரத்தினின்றே எடுக்கப்படுகிறது; எண்ணெய் கசிந்தால் நச்சாவியும் உடன் வரும். அவுஸ்திரேலிய செனட் சபை 1999இல் இதை விசாரிக்கத் தொடங்கி, 2000இல் அறிக்கை வெளியிட்டது. விமான ஊழியர்கள் அங்கே நேரிற் சென்று சாட்சியம் கூறினார்கள். நம்மிடம் என்ன சாட்சியம் இருக்கிறது? ஒரு துண்டுக் காகிதமும் இல்லை. (சம்பளப் பேச்சிலே காட்டிய வேகத்திற் பாதியை முகமூடிக்காக நம் சங்கங்கள் காட்டியதுண்டா? நாமும் இதிலே குற்றவாளிகளே.)

அடிக்கச் சொல்பவரே முதற் பொறுப்பாளி என்பது நம் தீர்மானம். மருந்தின் பெயரைப் பெரட்டிலே தமிழில் வாசிக்க வேண்டும். அன்று அம்மலையின் கீழே கொழுந்தெடுக்க ஆளனுப்பக் கூடாது. கையுறை, முகமூடி, வைத்தியப் பரிசோதனை யாவும் நிர்வாகச் செலவு.

இன்று முதல் ஒவ்வொரு டிவிசனிலும் ஒரு கொப்பி இருக்கும். எந்நாள், எம்மலை, எம்மருந்து, அடித்தவர் யார், வாந்தியெடுத்தவர் யார் என்று அதிலே எழுதுவோம். நிர்வாகத்துக்கும் தொழில் திணைக்களத்துக்கும் பதிவாளருக்கும் மாதந்தோறும் பிரதி போகும். முதற் கொப்பி இதோ மேசைமேல் இருக்கிறது. மருந்தடிக்கும் தோழர்கள் கூட்டம் முடிந்ததும் வந்து பெயர் கொடுங்கள்.