இருவர் செல்லும் சிறு பயணம்



2024-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் எனக்கு ஒரு மடல் வந்தது. எழுதியவர் என்னிடம் பத்தாம் வகுப்புப் பயின்றவர். பொதட்டூர்பேட்டையில் நெசவாளர் ஒருவரின் மைந்தர். இப்பொழுது போலந்து நாட்டின் தலைநகராகிய வார்சாவில் பொறியாளராகப் பணிபுரிகின்றார். மணமாகி ஓராண்டுகூட நிறையவில்லை. "ஐயா, டிசம்பரில் மூன்று நாள் விடுமுறை கிடைக்கிறது. நானும் என் மனைவியும் கிராக்கோவ் நகரைக் கண்டுவர எண்ணியுள்ளோம். எங்களை ஆண்டுதோறும் சுற்றுலா அழைத்துச் சென்றவர் தாங்கள். இந்தத் திட்டத்தைப் பார்த்துத் திருத்தித் தரவேண்டும்" என்று எழுதி, ஒரு பட்டியலையும் இணைத்திருந்தார். மூன்று நாளுக்குப் பதினேழு இடங்கள்! ஒவ்வொன்றுக்கும் மணிக் கணக்கு.

போலந்து நாட்டை நான் நிலப்படத்தில் அல்லாமல் வேறெங்கும் கண்டவனல்லன். ஆயினும் அந்தப் பட்டியலைக் கண்டதும் பழைய நண்பரைத் தெருவில் கண்டாற்போல் இருந்தது. ஏழாண்டுகளுக்கு முன் நானே என் கையால் எழுதிய பட்டியல் அது. ஊர்ப் பெயர்கள்தாம் வேறு.

2017-ஆம் ஆண்டு மே இறுதியில் நான் பணி ஓய்வு பெற்றேன். அதுவரை நானும் என் துணைவியாரும் இருவராக மட்டும் சென்ற பயணம் ஒன்றுகூட இல்லை. உறவினர் வீட்டுத் திருமணம், திருத்தணியில் கிருத்திகை, பிள்ளைகளின் கல்லூரிச் சேர்க்கை ஆகிய இவையே எங்கள் பயணங்கள். எனவே ஜூன் திங்களில் இரண்டு நாள் தஞ்சைக்குச் சென்றுவருவது என்று முடிவு செய்தேன். "செய்தோம்" என்று சொல்ல எனக்கு உரிமையில்லை; செய்தவன் நான்தான். பேருந்தில் திருத்தணி, அங்கிருந்து இரயிலில் சென்னை, எழும்பூரில் இரவு வண்டி, விடிந்தால் தஞ்சை. இருவர்க்கும் வழியில் உறக்கம் இல்லை என்பதைத் திட்டத்தில் எங்கும் நான் குறிக்கவில்லை.

தலைமையாசிரியன் வகுத்த திட்டம் வேறெப்படி இருக்கும்? பாடவேளை நாற்பத்தைந்து நிமிடம். இடையே பத்து நிமிடம் இடைவேளை. பெரிய கோயில், அரண்மனை, கலைக்கூடம், சரசுவதி மகால் நூலகம், சிவகங்கைப் பூங்கா, அதனருகே சுவார்ட்ஸ் ஐயர் கட்டிய தேவாலயம், தாராசுரம், சுவாமிமலை, குடந்தையில் இரண்டு கோயில்கள், கங்கைகொண்ட சோழபுரம் எனப் பதினோரிடங்கள். என் துணைவியார் ஒன்றே ஒன்று கேட்டார். "கும்பகோணத்துக்குப் பக்கத்தில்தானே திருபுவனம்? அங்கே பட்டுத் தறி பார்த்துவிட்டு வரலாமா?" என்றார். "தறியோசை கேளாத நாள் நமக்கு உண்டா? அதைப் பார்க்கவா இவ்வளவு தொலைவு போவது?" என்று நான் சிரித்தேன். அவர் மறுமொழி கூறவில்லை. பேச்சு அதோடு முடிந்தது.

பெரிய கோயிலுக்கு என் அட்டவணை ஒதுக்கிய நேரம் முற்பகல் பதினொன்று. ஜூன் மாதத்து வெயில், கருங்கல் தளம், காலில் செருப்பு இல்லை. இராசராசன் 1010-ஆம் ஆண்டில் எடுத்து முடித்த கோயில் என்றும், விமானம் 200 அடிக்கும் மேற்பட்ட உயரம் என்றும் நான் அண்ணாந்து விளக்கிக்கொண்டிருக்கிறேன்; அவர் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றுகொண்டிருக்கிறார். நடை சாத்தும் நேரம் நெருங்கிவிட்டபடியால் விரைந்து வழிபட்டு வெளியேறினோம். சுவார்ட்ஸ் தேவாலயம் பூட்டியிருந்தது. திறப்பவர் யார் என்று விசாரிக்க நேரமில்லை. மறுநாள் கங்கைகொண்ட சோழபுரத்தை அடைந்தபொழுது இருட்டிவிட்டது.

திரும்பும் வண்டியில் என் துணைவியார் கேட்டார்: "கல்லிலே தேர்ச்சக்கரம் செதுக்கியிருந்ததே, அது எந்தக் கோயில்? நாம் காலையில் போனோமா, மாலையிலா?" அது தாராசுரம். ஆனால் காலையா மாலையா என்று சொல்ல, நான் சட்டைப் பையிலிருந்து அட்டவணையை எடுத்துப் பார்க்க வேண்டியிருந்தது. நேயர்களே, முப்பத்தைந்து ஆண்டு வரலாறு கற்பித்தவன் நான்.

பின்னர் பெருந்தொற்று வந்தது, ஆண்டுகள் கழிந்தன. அவருடைய முழங்கால் தேயத் தொடங்கியது. இன்னும் எத்தனை பயணம் வாய்க்கும் என்ற எண்ணம் எங்கள் இருவர்க்கும் இருந்தது, வாய்விட்டுச் சொல்லிக்கொண்டதில்லை. 2024-ஆம் ஆண்டு பொங்கல் கழிந்ததும் மீண்டும் தஞ்சைக்கே போவது என்று முடிவு செய்தோம். இம்முறை "செய்தோம்" என்றே சொல்லலாம். ஆளுக்கு ஓரிடத்தை முதலில் சொல்வது, அவ்விரண்டுக்கும் வேண்டிய பொழுதை எடுத்து வைத்துவிட்டு எஞ்சியதில்தான் மற்றவை என்பது ஏற்பாடு. நான் சுவார்ட்ஸ் தேவாலயத்தைச் சொன்னேன். அவர் திருபுவனத்தைச் சொன்னார். ஏழாண்டாக அந்த ஊர்ப் பெயரை அவர் மறக்கவில்லை என்பதை அன்றுதான் அறிந்தேன்.

முதல் நாள் விடுதியில் நண்பகல் வரை உறங்கினோம். மாலை நான்கு மணிக்குப் பெரிய கோயிலுக்குச் சென்று, விளக்கேற்றும் வரை அங்கேயே இருந்தோம். விமானத்தின் நிழல் தரையில் விழாது என்று பலரும் சொல்லக் கேட்டிருப்பீர்கள். சாயுங்கால வெயிலில் அந்த நிழல் திருச்சுற்றில் நீண்டு கிடந்தது. நாங்கள் அதில்தான் உட்கார்ந்திருந்தோம். ஆடல் மகளிர் நானூற்றுவரைப் பல ஊர்க் கோயில்களிலிருந்து இராசராசன் வருவித்து இங்கே குடியமர்த்தியதையும், அவரவர் பெயர், இருந்த தெரு, வீட்டு வரிசை இவற்றைக் கல்லில் வெட்டியிருப்பதையும் நான் எடுத்துரைத்தேன். கேட்டுக்கொண்டிருந்தவர், "வருகிறீர்களா என்று அவர்களை யாராவது கேட்டார்களாமா?" என்றார். கல்வெட்டில் அதற்கு விடை இல்லை.

மறுநாள் முற்பகல் அரண்மனைக் கலைக்கூடம். திருவெண்காட்டிலிருந்து வந்த செப்புத் திருமேனி ஒன்று அங்கே உண்டு. 1011-ஆம் ஆண்டைச் சார்ந்தது. சிவபெருமான் விடையின்மேல் கையூன்றி நிற்கும் நிலை. விடை கிடைக்கவில்லை, கை மட்டும் வெறுவெளியில் ஊன்றியிருக்கிறது. அருகில் தேவி. இவ்விருவர் முன்னே மட்டும் அரைமணிக்கு மேல் இருந்தோம். நூலகத்தை இம்முறை விட்டுவிட்டோம் என்பதைச் சற்று வருத்தத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

பிற்பகல் சுவார்ட்ஸ் தேவாலயம். 1779-இல் எழுந்தது. உள்ளே ஒரு சலவைக்கல் புடைப்புச் சிற்பம். கிறித்தியான் பிரெடரிக் சுவார்ட்ஸ் மரணப் படுக்கையில் இருக்கிறார்; சரபோஜி அருகே வந்து அவர் கையைப் பற்றியிருக்கிறார். 1750-இல் தரங்கம்பாடிக்கு வந்து, தமிழ் கற்று, தஞ்சையிலேயே 1798-இல் மறைந்த சுவார்ட்ஸ், இளமையில் சரபோஜிக்குக் காவலராகவும் ஆசிரியராகவும் இருந்தவர். பின்னாளில் அரசராகிய சரபோஜி, ஜான் பிளாக்ஸ்மன் என்னும் ஆங்கிலச் சிற்பியைக் கொண்டு இதனைச் செய்வித்தார். சமயம் மாறாத மாணவர், சமயம் பரப்ப வந்த ஆசிரியருக்கு எடுத்த நினைவுச் சின்னம் என்பதே எனக்கு இதில் பெரிது. "ஓரிடத்தில் நீங்கள் இவ்வளவு நேரம் நின்று நான் பார்த்ததில்லை" என்றார் என் துணைவியார். அவர் ஓர் ஓரத்தில் உட்கார்ந்து காத்திருந்தார். இம்முறை எதற்குக் காத்திருக்கிறோம் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

மூன்றாம் நாள் திருபுவனம். மூன்றாம் குலோத்துங்கன் எடுத்த கம்பகரேசுவரர் கோயிலை நான் பார்த்து வருவதற்குள், அவர் தெருவில் ஒரு வீட்டு வாயிலில் நின்று பேசிக்கொண்டிருந்தார். தறியில் அன்று நெசவு நடைபெறவில்லை. பழைய பாவு முடிந்து, புதிய பாவினை இணைத்துக்கொண்டிருந்தார்கள். பழைய இழை ஒவ்வொன்றோடும் புதிய இழை ஒன்றை விரலால் திரித்துச் சேர்க்க வேண்டும், ஆயிரக்கணக்கான இழைகள். என் துணைவியார் நெசவாளர் குடும்பத்துப் பெண். சிறு வயதில் தார் சுற்றியவர், பருத்திப் பாவு இணைத்தவர். பட்டு இழை எப்படி நிற்கிறது, வழுக்குமே என்ற ஐயம் அவருக்கு இளமையிலிருந்தே இருந்ததாம். அந்த வீட்டு அம்மையார் சாம்பல் கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்தி, "தொட்டுக்கொண்டு செய்து பாருங்கள், அக்கா" என்றார். முதலிரண்டு இழைகள் நழுவின. பிறகு கை பழகிவிட்டது. முழங்கால் நோயையும் மறந்து ஒரு மணி நேரம் அமர்ந்திருந்தார். எங்கள் தெருவில் நாள்தோறும் கேட்கும் ஓசையைக் கேட்கத்தான் வந்தார் என்று எண்ணியவன், அந்த வீட்டுத் திண்ணையில் ஒன்றும் பேசாமல் இருந்தேன். புறப்படும்போது திருபுவனத்துக்கே உரிய விசிறி மடிப்பில் ஒரு சேலையை மடித்துக் காட்டினார்கள். வாங்கவில்லை, விலை அப்படி.

இவ்வளவையும் எண்ணிக்கொண்டுதான் என் மாணவருக்கு விடை எழுதினேன். டிசம்பரில் கிராக்கோவில் பிற்பகல் நான்கு மணிக்கு முன்பே கதிரவன் மறைந்துவிடும். பகல் ஏறத்தாழ எட்டு மணி நேரந்தான். அவருடைய பட்டியலோ சித்திரை மாதத்துப் பகலை எண்ணி எழுதியதுபோல் இருந்தது. எனவே வெளியிற் காண்பனவற்றை முற்பகலுக்கும், கூரைக்குள் காண்பனவற்றை மாலைக்கும் மாற்றச் சொன்னேன். நகரின் நடுவே 1257-இல் அமைக்கப்பட்ட சதுக்கம் பக்கத்துக்கு ஏறத்தாழ 200 மீட்டர். போலந்து மன்னர்கள் முடிசூடிய வாவெல் குன்றும், 1364-இல் தோன்றிக் கொப்பர்னிக்கசு பயின்ற பல்கலைக்கழகமும் அங்கிருந்து நடந்து செல்லும் தொலைவு. இவற்றுக்கு வண்டி வேண்டா, பொழுதுதான் வேண்டும். வியெலிச்கா உப்புச் சுரங்கம் நகருக்கு அருகே உள்ளது. உப்பிலேயே குடைந்த தேவாலயம் ஒன்று அதனுள் உண்டு. தொடக்கத்திலேயே முந்நூற்றெண்பது படி இறங்க வேண்டும். சுற்றிவர இரண்டு மூன்று மணி நேரமாகும். "உன் மனைவிக்கு நிலத்தடியில் மூச்சு முட்டுமா என்று கேட்டாயா?" என்று எழுதினேன்.

ஒன்றை மட்டும் கண்டித்தே எழுதினேன். இரண்டாம் நாள் முற்பகல் ஆஷ்விட்ஸ், பிற்பகல் உப்புச் சுரங்கம், மாலையில் கடைத்தெரு என்று வகுத்திருந்தார். நாஜிகளின் அந்த முகாமில் ஏறத்தாழ பதினோரிலட்சம் மக்கள் கொல்லப்பட்டனர். அவர்களுள் மிகப் பெரும்பாலோர் யூதர்கள். கிராக்கோவிலிருந்து போகவே ஒரு மணி நேரத்துக்கு மேலாகும். நுழைவுக்கு முன்பதிவு வேண்டும். இவை சிறிய தடைகள். அங்கே போய் வந்த பிறகு அன்று வேறெதையும் காணும் மனநிலை எவர்க்கு இருக்கும்? இருந்தால் அதுவன்றோ கவலைக்குரியது? போவதானால் அந்த நாளை முழுதும் அதற்கே விடுக. இயலாதெனில் மற்றொரு முறை செல்க என்றேன்.

கடைசியாக, பதினேழு இடங்களுள் உன் மனைவி சொன்னது எது என்று கேட்டேன். மூன்று நாள் கழித்து விடை வந்தது: "ஐயா, அவளைக் கேட்கவில்லை. கேட்டேன். பட்டியலில் அது இல்லை."

அதே மடலில் இன்னொன்றும் எழுதியிருந்தார். பள்ளியில் நான் சுவார்ட்ஸ் ஐயரைப் பற்றிக் கூறியது அவர்க்கு நினைவிருந்தது. சுவார்ட்ஸ் 1726-இல் பிறந்த சோனன்பர்க் அந்நாளில் பிரஷ்யாவைச் சார்ந்தது. 1945-க்குப் பின் போலந்தைச் சார்ந்து, ஸ்வோன்ஸ்க் என்னும் பெயரோடு நாட்டின் மேற்கெல்லைப் பக்கம் இருக்கிறது. "தங்களுக்காக ஒரு நாளை அங்கே செலவிட்டுப் படம் எடுத்து அனுப்பட்டுமா?" என்று கேட்டிருந்தார். ஆசை இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் கிராக்கோவ் தெற்கே, ஸ்வோன்ஸ்க் மேற்கே. மூன்று நாளில் ஒன்று வழியிலேயே போய்விடும். வேண்டா என்று எழுதிவிட்டேன்.

2025-ஆம் ஆண்டு பிறந்ததும் மறுமடல் வந்தது. பதினேழில் நான்கைத்தான் பார்த்தார்களாம். அப்பெண் வீணை பயின்றவர். கிராக்கோவ்ச் சதுக்கத்தில் மரியன்னை ஆலயக் கோபுரத்திலிருந்து இரவும் பகலும் மணிக்கொருமுறை ஒருவர் எக்காளம் ஊதுவார். பண் முடியாமல் பாதியில் சட்டென்று நின்றுவிடும். படையெடுத்து வந்தோர் எய்த அம்பு காவலன் தொண்டையில் பாய்ந்த இடம் அது என்பது கதை. எந்தச் சுரத்தில் நிற்கிறது என்று காதால் கேட்கவேண்டும் என்பதே அப்பெண்ணின் விருப்பம். காலையில் ஒருமுறை, அந்தியில் ஒருமுறை, நள்ளிரவில் பனியில் நின்று ஒருமுறை கேட்டிருக்கிறார்கள். நான்கு திசைக்கும் ஊதி முடித்ததும் மேலிருந்தவர் கையசைத்தாராம், இவர்களும் கையசைத்தார்களாம். ஆஷ்விட்ஸுக்கு வேனிற்காலத்தில் தனியே ஒரு நாள் குறித்துள்ளார்கள். மடலின் அடியில், நான் கேளாமலே, வார்சாவிலிருந்து ஸ்வோன்ஸ்க் செல்லும் வழியையும் எழுதியிருந்தார்.