ஆடலுக்கு ஏற்ற ஆடை

(திருமயத்தில் நடைபெற்ற தமிழாசிரியர் - பெற்றோர் கூட்டத்தில் ஆற்றப்பெற்ற உரை)

   

பள்ளி ஆண்டுவிழா நெருங்கும் பொழுதும், 2022ஆம் ஆண்டு முதல் அரசுப் பள்ளிகளில் நடத்தப்பெறும் கலைத் திருவிழாப் போட்டிகள் நெருங்கும் பொழுதும், வீடுகளில் எழும் முதற் கேள்வி "என்ன ஆட்டம்?" என்பதன்று, "என்ன உடை? எங்கே வாடகைக்குக் கிடைக்கும்?" என்பதே. பாட்டு முடிவாகியிராது, அடவு முடிவாகியிராது. ஆனால் கடைக்குப் போய், "எட்டுப் பேருக்கு ஒரே நிறத்தில் என்ன இருக்கின்றது?" என்று கேட்டாகிவிடும். கடைக்காரர் எடுத்துப் போட்டதற்கேற்ப ஆட்டமும் மாறிவிடும். செருப்புக்குத் தக்கபடி காலைத் தறிப்பதுண்டா என்று நம் பெரியோர் கேட்டனரே, அது இன்று பள்ளி மேடைகளில் நடந்துகொண்டுதான் இருக்கின்றது.

அங்ஙனம் வந்த உடையுடன் மேடையேறும் பிள்ளையின் நிலையைப் பாருங்கள். செயற்கையிழைப் பாவாடை, வியர்வையை உறிஞ்சாது. இடுப்பளவு யாருக்கோ தைத்தது. நான்கு ஊசி குத்தி நிறுத்தியிருப்பார்கள். கோலாட்டம் தொடங்கி இரண்டாம் சுற்றில் ஓர் ஊசி கழன்றுவிடும். பிள்ளை ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொள்வாள். மறு கையில் ஒரு கோல். எதிரே நிற்கும் தோழி இரு கோல்களையும் வீசுவாள். ஒன்று கோலில் விழும், மற்றொன்று வெறுங்காற்றில் போகும். தாளம் போயிற்று. அவையோர் சிரிப்பர். அந்தப் பிள்ளை அடுத்த ஆண்டு ஆட வருவதில்லை.

தனியாடலுக்கும் இணையாடலுக்கும் உள்ள வேற்றுமை இங்குத்தான் தெளிவாகின்றது. ஒருவர் ஆடும் ஆடலில் உடையின் குறை ஆடுபவரை மட்டும் வருத்தும். இருவர் எதிரெதிர் நின்றோ, பலர் கைகோத்தோ ஆடும் ஆடலில் ஒருவர் உடையின் குறை மற்றவர் கையிலும் காலிலும் போய் விழும். ஆகலின் இணையாடலுக்கு உடை தேர்வது தன் அழகு பற்றிய செய்தியன்று. உடன் ஆடுவாருக்குச் செய்யும் கடமை.

இது புதிய கருத்தென்று எவரும் எண்ண வேண்டா. இளங்கோவடிகள் கடலாடு காதையில் மாதவி ஆடிய பதினோராடல்களையும் கூறுமிடத்து, ஒவ்வோர் ஆடலும் அதற்குரிய அணியோடும் அதற்குரிய முறையோடும் ஆடப்பெற்றதாகவே கூறுகின்றார். ஆடல் முந்தியது, அணி அதனைத் தொடர்ந்தது. ஆய்ச்சியர் குரவையிலோ இன்னும் எளிமை. ஏழு பெண்கள் ஏழு நரம்பின் பெயர் பெற்று வட்டமாக நின்று கைகோத்தனர். மாயவனாக நின்றவளை மாயவனாகக் காட்டுவதற்கு ஒரு துழாய் மாலை போதியதாயிற்று. இன்று அதே குரவையைப் பள்ளியில் ஆடுவிக்க முனைவோர், மாயவனுக்கு ஒட்டுப்பலகை முடியும் நெகிழித் தோள்வளையும் மயிற்கண் ஒட்டிய அட்டையும் கட்டி, பக்கத்துப் பிள்ளையின் கையைப் பற்றவே இயலாதபடி செய்துவிடுகின்றனர்!

மேலை நாட்டாரும் இதனை அறிவர். அவர்தம் இணையாடல்களில் வால்ட்சு என்பது ஒன்று. ஆடவன் இரு கைகளையும் தோளளவு உயர்த்திப் பெண்ணைத் தாங்கி ஆடுவது. போட்டிக்குரிய அவன் மேற்சட்டையைத் தையற்காரர், கை தொங்கிய நிலைக்கு ஏற்ப வெட்டுவதில்லை; கை உயர்ந்த நிலைக்கு ஏற்பவே வெட்டித் தைக்கின்றனர். கையை இறக்கினால் அது சற்றுக் கோணலாகவே தோன்றும். ஆடும்பொழுதோ தோளில் ஒரு சுருக்கம் எழாது. அவ்வுடையை இங்கு யாரும் அணிய வேண்டுவதில்லை, வேண்டவும் கூடாது. ஆடலின் நிலையை அளந்து உடையை வெட்டும் அந்த அறிவுதான் கொள்ளத்தக்கது.

இனி, நம் ஆடல்களுக்கு வருவோம். கும்மிக்கு முதல் தேவை விடுபட்ட கை. குனிந்து நிமிர்ந்து கை தட்டிச் சுற்றுவது அது. முன்கொசுவம் நீண்டிருந்தால் குனியும்பொழுது காலடியில் சிக்கும். சிற்றூர்ப் பாட்டிமார் உடுத்திய பின்கொசுவக் கட்டைப் பாருங்கள்: மடிப்பு பின்னே விரியும், முன்னே தடையில்லை, முந்தானை இடுப்பில் இறுகிவிடும். நாற்று நடவும் களை பறிக்கவும் உதவிய அந்தக் கட்டு கும்மிக்கென்றே வகுத்தது போல அமைந்துள்ளது. அதனைக் கற்றுத்தர வல்ல பாட்டிமார் இன்னும் இவ்வூரைச் சுற்றி இருக்கின்றனர். அவர்களைப் பள்ளிக்கு அழைத்து ஒரு மாலைப்பொழுது இருத்துவதில் செலவொன்றுமில்லை.

கோலாட்டத்திற்குக் கண்ணாடி வளையல் ஆகாது. கோல் தவறி மணிக்கட்டில் பட்டால் உடையும், குருதி வரும். பின்னல் கோலாட்டத்திலோ இன்னும் கருத்து வேண்டும். மேலிருந்து தொங்கும் கயிறுகளைப் பற்றிக்கொண்டு, பாதிப்பேர் வலமாகவும் பாதிப்பேர் இடமாகவும் ஒருவரையொருவர் கடந்து சுற்ற, நடுவே பின்னல் விழுகின்றது; திரும்பி ஆடினால் அவிழ்கின்றது. தோளில் தொங்கும் மேலாக்கு, காதில் ஊஞ்சலாடும் தொங்கட்டான், சடையில் நீண்ட குஞ்சம் ஆகிய மூன்றும் கயிற்றோடு சேர்ந்து பின்னப்பட்டுவிடும்! எல்லாருக்கும் ஒரே நிறம் என்பதும் இங்குப் பொருந்தாது. வலமாகச் செல்வோருக்கு ஒரு நிறமும் இடமாகச் செல்வோருக்கு ஒரு நிறமும் கொடுத்தால், யாரை உள்ளே விட்டு யாரை வெளியே கடப்பது என்பது ஆடும் பிள்ளைகளுக்கும் விளங்கும். காண்போருக்கும் பின்னலின் அழகு புலப்படும்.

ஒயிலாட்டத்திற்கு வேட்டி, தலைத்துணி, கையில் ஒரு துணி. அவ்வளவே. அக்கைத்துணியும் பருத்தியாக இருத்தல் நன்று. மெல்லிய செயற்கைத்துணி வீசும்பொழுது விரியாது. சுருண்டு கையைச் சுற்றும்.

துணி எங்கே என்று கேட்பீர்கள். தொலைவிற் போக வேண்டா. காரைக்குடி அருகில் இருக்கின்றது. அங்கு நெய்யப்பெறும் கண்டாங்கிச் சேலைக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. தடித்த பருத்தி நூல், கட்டம் போட்ட உடல், அகன்ற கரை, மஞ்சளும் செம்மையும் கருமையும் கலந்த நிறங்கள். மேடையின் கடைசி வரிசையிலிருந்து பார்ப்பவனுக்கும் அந்தக் கரை தெரியும், சிகினா எதற்கு? மதுரைச் சுங்குடிக்கு 2005லேயே அக்குறியீடு கிடைத்துவிட்டது. அது மெல்லிது, சிறு பிள்ளைகளுக்குப் பாவாடையாகத் தைக்க ஏற்றது. ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: கண்டாங்கி புதிதில் விறைப்பாக இருக்கும். இரண்டு முறை நீரில் அலசி உலர்த்திய பின்னரே ஆடப் பயன்படுத்த வேண்டும்; பயிற்சியின் கடைசி நாள்களில் அந்த உடையிலேயே ஆடிப் பார்க்கவும் வேண்டும். உடையைப் போட்டி நாளன்று முதன்முதலாக உடுத்துவது, தேர்வன்று முதன்முதலாக நூலைத் திறப்பதற்கு ஒப்பு.

"பழைய மரபுப்படி பரதநாட்டிய உடைதான் வேண்டும்" என்று சில பெற்றோர் கும்மிக்கும் கோலாட்டத்திற்கும்கூட விசிறி மடிப்புத் தைத்த உடையைக் கேட்கின்றனர். அம்மரபின் அகவை எவ்வளவு? சதிர் ஆடிய பெண்டிர், காற்சட்டையின்மேல் புடவையைச் சுற்றிக் கட்டியே ஆடினர். 1935இல் உருக்குமணி தேவி அடையாற்றில் மேடையேறிய அக்காலத்தில்தான் அவ்வாடலின் உடை மாற்றியமைக்கப்பெற்றது. அதனை வடிவமைப்பதில் இத்தாலிய நாட்டுத் தையற்காரப் பெண்மணி ஒருவரும் துணை நின்றார். அவ்வுடை அழகற்றதென்று கூறுவார் இலர். ஆனால் நூறாண்டு நிரம்பாத ஒன்றை ஆயிரமாண்டுத் தொன்மை என்று மயங்கிக் கும்மிப் பிள்ளைக்கு மாட்டுவது எதற்கு? உண்மையிலேயே ஆயிரமாண்டுத் தொன்மை காண விழைவோர் இதே மாவட்டத்துச் சித்தன்னவாசலுக்குச் செல்க. ஏறத்தாழ ஒன்பதாம் நூற்றாண்டில் அக்குடைவரைத் தூண்களில் தீட்டிய ஆடன்மகளிர் இருவர் இன்றும் ஆடி நிற்கின்றனர். கையின் வீச்சும் இடையின் வளைவும் உடையால் மறைக்கப்படாமல், உடை உடலோடு சேர்ந்து வளைவதை அங்குக் காணலாம். அக்கோலத்தை அப்படியே இன்றைய பிள்ளைக்கு இடுக என்பதன்று கருத்து. ஓவியன் எதனை முதன்மையாகக் கண்டான் என்பதே அங்குக் கற்க வேண்டுவது.

அரசன் - அரசி கோலத்தில் இணையாக ஆடும் பொய்க்கால் குதிரையும் இப்படித்தான். தஞ்சையை மராட்டியர் ஆண்ட காலத்தில் பரவியது என்பர். ஆயினும் மரக்காலாடல் பதினோராடலுள் ஒன்று. கட்டைக்கால் கட்டி ஆடும் திறம் தமிழர்க்கு அன்றே இருந்தது. கால் நம் கால். தலைப்பாகை மட்டும் மராட்டிய அரண்மனையிலிருந்து வந்து உட்கார்ந்துகொண்டது. 1687இல் எழுந்த சேதுபதியின் கோட்டை நிழலில் வாழும் இவ்வூர்ப் பிள்ளைகள், அரசன் கோலத்திற்கு வேற்றரசன் தலைப்பாகையைக் கடன் வாங்குவது வேடிக்கைதான்.

இதுகாறும் கூறியது துணியைப் பற்றியது. இனிக் கூறுவது அதனினும் கடுமையானது. தன் உடலுக்கும் உடன் ஆடுவாருக்கும் மட்டுமன்றி, மூன்றாவதாக ஒருவர்க்கும் ஆடுவோன் கடமைப்பட்டவன். எவருடைய கோலத்தை அவன் பூணுகின்றானோ அவரே அம்மூன்றாமவர்.

கரகாட்ட மேடைகளில் குறவன் - குறத்தி ஆட்டம் என்ற பெயரில் இணையாட்டம் ஒன்று நெடுங்காலம் ஆடப்பட்டு வந்தது. குறத்திக்குக் குறுகிய பாவாடை, இறுகிய மேற்சட்டை. குறவனுக்குக் கிழிந்த உடை, மண்டையில் ஒரு துணி. இருவர் வாயிலும் இழிந்த பேச்சு. அவ்வுடையைத் தேர்ந்தவர் யார்? ஆடிய பெண்ணா? இல்லை. அவளுக்குப் பசி, விழாப் பணம் கொடுத்தவனின் கண் எதைக் கேட்டதோ அதை அவள் உடுத்தினாள். அவளைப் பழித்துப் பயனில்லை. குறவர் இனத்தாரை இழிவுசெய்வதாக வழக்குத் தொடரப்பெற்று, உயர்முறைமன்றத்தின் மதுரைக் கிளையும் அதில் ஆணையிட்டு, 2023இல் தமிழ்நாட்டரசு அவ்வாட்டத்தைத் தடை செய்தது.

தடை வந்த பின்னும், "சிறு பிள்ளைகள் தாமே, வேடிக்கைக்குத் தாமே" என்று அதே கோலத்தைப் பள்ளி மேடையில் புனைவிக்க நினைப்போர் இருக்கின்றனர். அவர்கள் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். 1871இல் ஆங்கிலேயர் இயற்றி, 1911இல் சென்னை மாகாணத்திற்கும் விரித்த குற்றப்பரம்பரைச் சட்டத்தின்கீழ் பிறவிக் குற்றவாளிகள் என்று பெயர் எழுதப்பட்டவர்களுள் குறவரும் இருந்தனர். குறிஞ்சி நிலத்தின் முதுகுடிக்கு அயலான் ஒட்டிய அந்த முத்திரையைச் சட்டம் அழித்துவிட்டது, மேடை அழிக்கவில்லை. அந்த வகுப்பிலேயே அக்குடிப் பிள்ளை ஒன்று உட்கார்ந்திருக்கக் கூடும். தன் பாட்டியின் பெயரால் ஒரு கந்தற்கோலம் ஆடுவதையும் உடன் பயில்வோர் சிரிப்பதையும் அப்பிள்ளை கண்டுகொண்டிருக்கும்.

தமிழ் அறிந்த குறத்தி அவளல்லள். திரிகூடராசப்பக் கவிராயரின் திருக்குற்றாலக் குறவஞ்சியைத் திறந்து பாருங்கள். சிங்கனும் சிங்கியும் சந்திக்கின்றனர். அவள் உடலில் கிடக்கும் அணி ஒவ்வொன்றையும் சுட்டி, இது என்ன, அது என்ன என்று அவன் மருண்டு வினவுகின்றான். ஒவ்வொன்றும் இன்ன நாட்டில் குறி சொல்லிப் பெற்ற பரிசு என்று அவள் விடையிறுக்கின்றாள். அவள் அணிந்திருப்பது அவள் தொழிலின் கூலி. அவள் நடந்து கண்ட நாடுகளின் நினைவு. இருவர் உரையாட, அவ்வுரையாட்டின் பொருளே அணிகலனாக அமைந்த இதைவிடச் சிறந்த இணைக்கூத்து எங்குண்டு? குறத்தியை மேடையேற்றித்தான் ஆக வேண்டுமென்றால், அந்தச் சிங்கியைக் கற்ற பின் ஏற்றுக. அதற்கு முன் அக்குடியாரிடம் இசைவும் பெறுக.

இளம்பிள்ளைகளின் ஒப்பனை பற்றியும் ஒரு சொல். எட்டு அகவைப் பிள்ளைக்கு உதட்டுச் சாயமும் கன்னச் செம்மையும் ஒட்டிமையும் இட்டுத் திரைப்பட ஆடலழகி போல் நிறுத்துவதைப் பெற்றோரே கைதட்டி மகிழ்கின்றனர். "போட்டியென்றால் மின்ன வேண்டாமா?" என்பது அவர்கள் கேள்வி. மேலைநாட்டு இணையாடற் போட்டிகளை நடத்தும் உலகக் கூட்டமைப்பு, மிக இளையோர் பிரிவில் மின்னும் கற்களையும் பளபளப்புத் துணியையும் முக ஒப்பனையையும் தன் விதிகளில் விலக்கி வைத்திருக்கின்றது. ஆடம்பரத்திற்குப் பெயர்போன அவர்களே, பிள்ளையைப் பிள்ளையாக ஆடவிடு என்கின்றனர். நம் ஊர்ப் போட்டிகளில் நடுவராக அமரும் ஆசிரியர்கள், உடையின் பளபளப்புக்கு ஒரு மதிப்பெண்ணும் இல்லை என்பதைப் போட்டிக்கு ஒரு திங்கள் முன்பே எழுத்தில் அறிவித்துவிட்டால், வாடகைக் கடை வாயிலில் நிற்கும் கூட்டத்தில் பாதி தானே கலைந்துவிடும்.

ஏழைப் பெற்றோர்க்குச் செலவு கூடாதா என்று கேட்கலாம். வாடகை கொடுத்த பணம் மறுநாள் உடையோடு போய்விடுகின்றது. எட்டுக் கண்டாங்கிகளைப் பள்ளியே வாங்கிப் பெட்டியில் வைத்தால், துவைத்துத் துவைத்து மெதுவாகும் அச்சேலைகள் பல ஆண்டுகள் ஆடும். பெற்றோரே வாங்கினாலும் இழப்பில்லை. போட்டி முடிந்த மறுவாரம் அதே சேலையை உடுத்திக்கொண்டு அந்தப் பிள்ளையின் தாய் திருமயம் சந்தைக்கு வருவாள்.