பன்னீர் திராட்சை

மயிலாப்பூர் மாட வீதியில தள்ளுவண்டியில கறுப்பா, கொட்டையோட விக்கிறாங்களே, பன்னீர் திராட்சை, அது ஒரு கலப்பினம். ஆமாம், கலப்பினம்! கறுப்புத் திராட்சை ஒண்ணு, மணக்கிற வெள்ளைத் திராட்சை ஒண்ணு. ரெண்டுக்கும் பொறந்த பிள்ளை. அம்மா நிறம், அப்பா மூக்குன்னு நம்ம வீட்டுல சொல்றோமே, அப்படித்தான்.

வெளிநாட்டுப் பேரு மஸ்கட் ஹாம்பர்க். அங்கே ஒயினுக்கும் போகுது. நம்ம ஊருல இதுக்குப் பேர்போன இடம் தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கு. குளிர்நாட்டுல கொடி பனிக்காலம் முழுக்கத் தூங்கும். கம்பத்துல தூக்கமே கிடையாது. முறை வச்சுக் கவாத்து பண்ணுவாங்க, வருஷம் பூரா பழம். 2023ல புவிசார் குறியீடும் கிடைச்சுது.

இன்னொண்ணு. சீனாக்காரங்க இதை ரோஜா மணம்னு கூப்பிடுறாங்க. நாம பன்னீர்னு கூப்பிடுறோம். யாரும் யாரையும் கேட்டு வச்ச பேரில்ல!