பழசு ஏன் வடிவாய் இருக்கிறது?



இலக்கியத் தொடரில் வீடியோ விளையாட்டைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் சிலருடைய கை வானொலியை நிறுத்தப் போகக்கூடும். சற்றுப் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் படிப்பிப்பது தமிழ். இந்த விடயத்துக்குள் என்னை இழுத்துவந்ததும் ஒரு தமிழ்ப் பாடவேளைதான்.

திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய பகுதியில் இருக்கிறது எங்கள் கல்லூரி. உயர்தர வகுப்பில் அன்று நெய்தல் திணை நடந்துகொண்டிருந்தது. கடைசி வாங்கில் இருவர் குனிந்தபடி எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்கள். போய்ப் பார்த்தால் கைபேசி. வாங்கிக்கொண்டேன். திரையில் ஒரு கடல். நீலத்தின்மேல் நாலைந்து வெள்ளைக் கோடுகள், அவைதான் அலைகள். சுருண்டு போகும் இன்னொரு வெள்ளைக் கோடு காற்று. நடுவில் பாய் விரித்த ஒரு சிவப்புத் தோணி. அவனுடைய மாமா வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த பழைய விளையாட்டுப் பெட்டியில் ஓடியதைப் படம்பிடித்து வைத்திருந்தான்.

ஏசுவதற்கு நான் வாயெடுக்கமுன் அவன் கேட்டான்:

"சேர், இது நான் பிறக்க முதலே வந்த கேம். இப்பவும் வடிவா இருக்கு. இதுக்குப் பிறகு வந்த ஒண்டில ஆக்கள் உண்மையான ஆக்கள் மாதிரியே இருப்பினம் எண்டு சொல்லித்தான் வித்தவங்கள். அதை இப்ப பாத்தா மெழுகுப் பொம்மை மாதிரி இருக்கு. ஏன் சேர்?"

என்னிடம் பதில் இல்லை. "பாடத்தைக் கவனியும்" என்று சொல்லிவிட்டுக் கரும்பலகைக்குத் திரும்பினேன்.

வீட்டுக்குப் போன பிறகும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. இரண்டாயிரம் ஆண்டு பழைய பாட்டு, ஆனால் இன்றும் அழகு என்று வருடந்தோறும் வகுப்பில் சொல்லி வருகிறேன். பிள்ளைகளும் அப்படியே பரீட்சைத் தாளில் எழுதிவைக்கிறார்கள். ஏன் அழகு என்று ஒருவரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. அந்தக் கேள்வியைக் கேட்ட ஒரே பிள்ளையை நான் வாயடைக்கச் செய்துவிட்டேன்.

நேயர்களே, என் சிறுபராயமும் இந்த விளையாட்டுகளோடு கழிந்ததுதான். தொண்ணூறுகளில் எங்கள் ஒழுங்கையில் ஒரு வீட்டில் மட்டும் 'ரீவி கேம்' இருந்தது. மின்சாரம் எப்போது போகும் என்று தெரியாத காலம். எங்கள் முறை வருமுன் வெளிச்சம் போய்விடக்கூடாதே என்று நேர்ந்துகொண்டு குந்தியிருப்போம். அங்கேதான் மாரியோவைப் பார்த்தேன். சிவப்புத் தொப்பி, பெரிய மீசை.

அந்தத் தொப்பியும் மீசையும் எப்படி வந்தன தெரியுமா? 1981 இல் ஜப்பானின் நின்டென்டோ நிறுவனத்தில் ஷிகெரு மியமோட்டோ என்பவர் 'டொங்கி கொங்' என்ற விளையாட்டுக்காக ஒரு மனிதனை வரைய வேண்டியிருந்தது. கிடைத்த இடமோ ஏறக்குறைய 16 புள்ளி அகலமும் 16 புள்ளி உயரமும் கொண்ட ஒரு சதுரம். வாய் வரைய இடமில்லை, ஆகவே மூக்கின்கீழ் மீசை வைத்தார். துள்ளும்போது தலைமயிர் அசைவதைக் காட்ட வழியில்லை, ஆகவே தொப்பி போட்டார். கை வீசுவது தனியாகத் தெரியவேண்டும், ஆகவே தோளில் பட்டி வைத்த வேறு நிறக் காற்சட்டையை மாட்டிவிட்டார். இல்லாமைகளே அவனுக்கு முகமாகின. 1985 இல் வந்த 'சுப்பர் மாரியோ பிரதர்ஸ்' முழுவதும் 40 கிலோபைற்றுக்குள் அடங்கியது. இன்று நாம் கைபேசியில் எடுக்கும் ஒரு படமே அதைவிடப் பல மடங்கு பெரிது. அதிலே வானத்து மேகமும் தரையில் நிற்கும் பற்றையும் ஒரே உருவம். வெள்ளை பூசினால் மேகம், பச்சை பூசினால் பற்றை. இதைப் பிறகு ஒருவர் சொல்லித்தான் அறிந்தேன். விளையாடிய நாளில் ஒன்றில் மேகத்தையும் மற்றதில் பற்றையையும்தான் கண்டேன்.

இன்னொன்று. 1989 இல் 'பிரின்ஸ் ஒஃப் பெர்சியா' வெளிவந்தது. அதைச் செய்தவர் ஜோர்டன் மெக்னர் என்ற அமெரிக்க இளைஞர். தம்முடைய தம்பியை ஓடவும் துள்ளவும் செய்து, அதைப் படம்பிடித்து, ஒவ்வொரு அசைவாகப் பார்த்து வரைந்தார். அந்த ஓட்டத்தில் இன்றும் உயிர் இருக்கிறது. ஆனால் அப்பிள் கணினியின் நினைவகம் நிரம்பிவிட்டது. புதிய எதிரி ஒருவனை வரைந்து சேர்க்க இடமில்லை. என்ன செய்தார்? கணக்கு வித்தை ஒன்றினால் கதாநாயகனின் உருவத்தையே மாற்றித் திரும்பக் காட்டினார். ஒரு நிழல் மனிதன் பிறந்தான். கண்ணாடிக்குள்ளால் பாயும் இளவரசனிடமிருந்து பிரிந்துபோகும் அந்த நிழலை வெட்டினால் காயம் இளவரசனுக்கே. வாளை உறையிலிட்டால்தான் நிழல் அவனோடு ஒன்றாகும். இடம் தாராளமாக இருந்திருந்தால் இந்தக் கற்பனை பிறந்திருக்குமா என்று எண்ணிப் பார்க்கிறேன்.

இனி, அந்த மாணவன் காட்டிய கடலுக்கு வருவோம். 'வின்ட் வேக்கர்' என்பது அந்த விளையாட்டின் பெயர். 'ஸெல்டா' வரிசையைச் சேர்ந்தது. 2002 இன் முடிவில் ஜப்பானில் வெளியானது. அதற்கு முன்பு, 2000 ஆம் ஆண்டில், அதே கதாநாயகன் நிசமான மனிதனைப்போல வாட்போர் செய்யும் மாதிரிக் காட்சியொன்றை நின்டென்டோ காட்டியிருந்தது. இரசிகர்கள் அதையே எதிர்பார்த்துக் காத்திருந்தார்கள். அடுத்த வருடம் பெரிய கண்ணும் சின்னக் காலுமாக ஒரு கேலிச்சித்திரச் சிறுவன் வந்து நின்றான். பலர் ஏமாந்தார்கள், சிலர் பரிகசித்தார்கள். செய்தவர்கள் மாறவில்லை. வெளிச்சத்தை நுணுக்கமான நிறப்படிகளாகக் காட்டாமல் வெளிச்சம், நிழல் என்று இரண்டொரு படியாகப் பிரித்தார்கள். பரிகசிக்கப்பட்ட அந்தச் சிறுவன் இருபது வருடங்களுக்கு மேலாகியும் மங்கவில்லை.

காரணம் இதுதான் என்று எனக்குப் படுகிறது. உண்மையைப் பிரதி செய்கிறேன் என்று புறப்படும் படம், உண்மையோடுதான் அளக்கப்படும். இயந்திரம் ஒவ்வொரு வருடமும் உண்மைக்கு ஒரு முழம் கிட்டப் போகிறது. ஆகவே போன வருடத்துப் பிரதி இந்த வருடத்தில் தோற்றுப்போகிறது. எதை வரைவது, எதை விடுவது என்று தெரிந்தெடுத்த படமோ அந்த ஓட்டப் பந்தயத்திலேயே இல்லை. அதை அதனோடுதான் அளக்க வேண்டும்.

எங்கள் பேச்சில் அழகை 'வடிவு' என்கிறோம். அந்த மாணவனும் அந்தச் சொல்லைத்தான் சொன்னான். உருவத்துக்கும் அழகுக்கும் ஒரே சொல்லை வைத்தவர்கள் காரணமில்லாமல் வைத்திருக்கமாட்டார்கள். வெண்பாவின் ஈற்றடி மூன்று சீரோடு நின்றுவிட வேண்டும். குறுந்தொகைப் பாட்டு நான்கு முதல் எட்டு அடிக்குள் முடிந்துவிட வேண்டும். அந்தச் சின்ன இடத்துக்குள் ஒரு கடற்கரையையும் ஒருத்தியின் துயரத்தையும் வைக்க வேண்டுமென்றால், புலவன் கடலை முழுதாக வருணிக்க முடியாது. ஒரு தாழையை, ஒரு நாரையைத் தெரிந்தெடுக்கிறான். மிகுதியைக் கேட்பவள் நெஞ்சுக்குள் விட்டுவிடுகிறான். தொல்காப்பியர் உள்ளுறை என்று சொன்னதும் இதைத்தான்.

பழசெல்லாம் வடிவு என்று நான் சொல்லவரவில்லை. மாரியோ ஓடிய அதே பெட்டியில் கண்கொண்டு பார்க்க முடியாத விளையாட்டுகளும் ஓடின. தளை தட்டாத வெண்பாவெல்லாம் கவிதையாகிவிடுவதில்லை அல்லவா? நெருக்கடி எல்லோருக்கும் பொதுவானது. தெரிவுதான் ஆளுக்காள் வேறுபடுகிறது.

இன்று நெருக்கடி இல்லாதபோதும் தாமாகவே எல்லை போட்டுக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். 2023 இல் ரொறன்ரோவிலிருந்து தமிழர் முயற்சியில் ஒரு விளையாட்டு வந்தது. பெயரே 'வெண்பா'. கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு தமிழ்த் தாயின் பெயர் அது. தன் தாயாரின் சமையல் குறிப்புப் புத்தகத்தை அவள் வைத்திருக்கிறாள். பக்கங்கள் கிழிந்தும் எழுத்து அழிந்தும் போயிருக்கின்றன. விடுபட்டதை விளையாடுபவர்தான் ஊகித்துச் சமைக்க வேண்டும். படங்களும் கதைப்புத்தகச் சித்திரங்களைப் போலத்தான் இருக்கின்றன. 2024 இல் பிரித்தானியாவின் பாஃப்டா விருதுகளில் சிறந்த அறிமுக விளையாட்டாக அது தெரிவானது.

அடுத்த கிழமை வகுப்புக்குப் போனதும் அந்த மாணவனிடம், "தம்பி, அண்டைக்கு உம்முடைய கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை" என்றேன். மாரியோவின் மீசையைக் கரும்பலகையில் கட்டம் கட்டமாக வரைந்து காட்டினேன். வகுப்புச் சிரித்தது. பிறகு எல்லோரையும் யன்னலுக்கு வெளியே பார்க்கச் சொன்னேன். "எங்கட கடலை ஐந்தே ஐந்து விடயத்தில் எழுதுங்கள். ஆறாவது எழுதினால் புள்ளி இல்லை."

பலர் கோணேசர் மலையை எழுதினார்கள், கப்பலை எழுதினார்கள், சூரிய உதயத்தை எழுதினார்கள். அவன் நாலு வரிதான் எழுதியிருந்தான். விடியற்காலம். கரையில் ஏற்றிவைத்த வள்ளங்கள். அவற்றுக்கிடையில் ஒரு வெறும் இடம். அம்மா வாசல் லைற்றை இன்னும் அணைக்கவில்லை.

வாசித்து முடித்தபோது வகுப்பில் சத்தமில்லை. அவனுடைய தகப்பனார் கடற்றொழிலாளி என்பது எல்லோருக்கும் தெரியும். தகப்பன் என்ற சொல்லோ பயம் என்ற சொல்லோ அந்த நாலு வரியில் எங்கும் இல்லை.

"ஐந்தாவது எங்கே?" என்று கேட்டேன்.

"தேவைப்படேல்லை, சேர்" என்றான்.

பாடம் முடிந்து வெளியே வரும்போது, அப்பா வந்துவிட்டாரா என்று மெல்லக் கேட்டேன். அது போன மாரி காலத்து விடியல் ஒன்று, எட்டு மணிபோல வந்து சேர்ந்தார் என்று சிரித்தான்.

அந்தத் தாளை என் குறுந்தொகைப் புத்தகத்துக்குள் மடித்து வைத்திருக்கிறேன். அடுத்த வருடம் நெய்தல் படிப்பிக்கும்போது அதிலிருந்துதான் தொடங்குவேன்.