தப்புக்கும் ஒரு நாள் பேர்

(மாரியம்மன் திருவிழாவுக்கு முன் கூடிய தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



திருவிழாக் கணக்குப் பேசத்தான் கூடியிருக்கிறோம். சந்தா எவ்வளவு, சவுண்ட் எந்த டவுனிலிருந்து, நாதஸ்வரத்துக்கு யார் என்றெல்லாம் பேசி முடித்துவிட்டோம். தப்பைப் பற்றி மட்டும் ஒரு சொல் இல்லை. “அது நம்ம ஆளுங்கதானே, வந்துருவாங்க” என்று விட்டுவிட்டோம். அதைப் பற்றித்தான் நாம் பேச வேண்டும்.

நம் பாட்டன் காலத்தில் விடியும் முன்னே லயத்தை எழுப்பியது பெரட்டுத் தப்பு. இருட்டில் அந்தச் சத்தம் கேட்டதும் அடுப்பை மூட்டி, ரொட்டியைத் தட்டி, பிள்ளையைப் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டுப் பெரட்டுக்களத்துக்கு ஓட வேண்டும். பிந்தினால் அன்றைக்குப் பேர் கிடையாது. காலையில் துரைக்காக அடித்த அதே கைதான் இரவில் கரகம் பாலிக்கும்போது அம்மனுக்கும் அடித்தது. மாசியில் காமன் கம்பம் நட்டால், மதன் எரிகிற இரவு வரை அந்தத் தப்பு ஓயாது. கல்யாணத்துக்கு ஓர் அடி, சாவுக்கு ஓர் அடி. எங்கள் அம்மாயி காம்பராவுக்குள் படுத்துக்கொண்டே, மேல் லயத்தில் என்ன விசேஷம் என்று அடியை வைத்துச் சொல்லிவிடுவார்.

கோயில் விஷயத்தில் அரசியல் வேண்டாம் என்று சில பெரியவர்கள் சொல்கிறார்கள். எப்போது இல்லாமல் இருந்தது? திருவிழாவுக்கு லீவு கேட்டு துரையிடம் நின்றது, செக்ரோலில் கோயில் சந்தா வெட்டியது, எந்தச் சங்கத் தலைவருக்கு முதல் மாலை என்று தேர் நகரும் முன்பே சண்டை போட்டது, இதெல்லாம் என்னவாம்?

சங்கமே பாட்டோடுதான் மலைக்குள் வந்தது. கோ. நடேசய்யர் 1931இல் தோட்டத் தொழிலாளருக்குச் சங்கம் தொடங்கிய காலத்தில், வெளியாள் தோட்டத்துக்குள் கால் வைத்தால் அத்துமீறல் வழக்குப் போடுவார்கள். நம்மவர்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்களும் குறைவு. அவருடைய துணைவியார் மீனாட்சியம்மை மக்களுக்குத் தெரிந்த மெட்டுகளிலேயே நம் நிலைமையைப் பாட்டாகக் கட்டிக் கூட்டங்களில் பாடினார். 1940இல் அந்தப் பாட்டுகள் புத்தகமாகவும் வந்தன. நோட்டீஸைக் கிழித்துப் போடலாம். கொழுந்து மலையில் ஒரு பெண் முணுமுணுக்கிற பாட்டை எந்தக் கங்காணி பிடுங்குவான்?

ஆனால் பாட்டைக் கொண்டாடிய நாம் தப்பைப் பிடித்த கையை எப்படி நடத்தினோம்? கடந்த மே தினத்தில் ஊர்வலத்துக்கு முன்னால் அவர்களைத்தான் நிறுத்தினோம். போட்டோவில் செங்கொடிக்குக் கீழே தப்பு நன்றாகத்தான் இருந்தது. கூட்டம் முடிந்து சோற்றுப் பார்சல் கொடுத்தபோது அவர்கள் வரிசையின் கடைசியில் நின்றார்கள். பார்சல் தீர்ந்துவிட்டது. ஒரு போத்தலைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டோம். செய்தது கம்பனி இல்லை, நாம். அரைப்பேர் போட்டால் வேலையை நிறுத்துகிற நாம், ஒரு நாள் முழுவதும் அடித்தவனுக்குக் கூலிக்குப் பதில் சாராயம் கொடுத்தோம். பிறகு “அவனுங்க குடிகாரனுங்க” என்றும் நாமே பேசுகிறோம்.

கோயிலில் இன்னும் மோசம். நாதஸ்வரக்காரருக்கு உள்ளே பாய். தப்புக்காரருக்கு வாசலுக்கு வெளியே மழை. சாதி இல்லை என்று மேடையில் சொல்கிறோம். தேத்தண்ணி கொடுக்கும்போது சிரட்டை போய்விட்டது, உண்மைதான். அதற்குப் பதிலாகப் பிளாஸ்டிக் கப் வந்திருக்கிறது, மற்றவர்களுக்குக் கண்ணாடிக் கிளாஸ்.

இது பிள்ளைகளுக்குத் தெரியாது என்று நினைக்க வேண்டாம். பாடசாலை விழாவுக்குத் தப்பு ஆட்டம் ஒன்று பழக்கலாம் என்று வகுப்பில் கேட்டோம், யாருக்கு அடிக்கத் தெரியும் என்று. ஒரு கையும் எழும்பவில்லை. பெல் அடித்த பிறகு ஒரு பையன் தனியாக வந்து நின்றான். அவனுடைய அப்பாதான் நம் எல்லோர் வீட்டுச் சாவுக்கும் அடித்தவர். “சேர், அப்பா தப்படிக்கிறத வகுப்பில சொல்லிடாதீங்க” என்றான். வேறு எதுவும் கேட்கவில்லை. பதில் சொல்ல நமக்கு வாய் வரவில்லை. எல்லோர் முன்னாலும் அப்படி ஒரு கேள்வியைப் போட்டதே பிழை என்று அப்போதுதான் உறைத்தது.

இனி அந்தப் பிள்ளைகள் இந்தத் தப்பைத் தொட மாட்டோம் என்றால் அது அவர்கள் உரிமை. ‘உங்கள் கலை, நீங்கள்தான் காப்பாற்ற வேண்டும்’ என்று அவர்கள் தலையில் கட்ட நமக்கு அருகதை இல்லை. வேண்டுமானால் எல்லா லயத்துப் பிள்ளைகளும் பழகட்டும். தலைவர் வீட்டுப் பிள்ளையும் பழகட்டும். நம் வீட்டுப் பிள்ளையை நாமும் அனுப்புகிறோம்.

ஆகவே கமிட்டியிடம் கேட்பது இதுதான். இந்தத் திருவிழாவில் தப்புக்கு நாள் ஒன்றுக்கு முழுப் பேர்க் கூலி, காசாக, கணக்குப் புத்தகத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். போத்தல் கூடாது. மண்டபத்தில் நாதஸ்வரத்துக்குப் பக்கத்தில் அவர்களுக்கும் பாய் போட வேண்டும், எல்லோருக்கும் ஒரே கிளாஸ். பூசாரி ஐயாவிடம் பேசினோம். “கமிட்டி சொன்னா எனக்கு ஒண்ணுமில்ல” என்றார். ஆகையால் அவர் மேல் பழி போட்டுத் தப்பிக்க வழியில்லை. இன்றைக்கே கை தூக்கித் தீர்மானிப்போம். தூக்காதவர்கள் காரணத்தையும் எழுந்து சொல்ல வேண்டும்.

பழக்க ஒருவர் ஒத்துக்கொண்டிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை பின்னேரம், பிள்ளைக் காம்பரா முற்றத்தில். இந்த மழைக்குத் தோல் இறுகாது, நெருப்பில் காய்ச்ச வேண்டும். வருகிறவர்கள் காய்ந்த விறகு ஆளுக்குக் கொஞ்சம் கொண்டு வாருங்கள்.